தலைப்பாகைக்கும் விலை உண்டு

விபத்தில் அடிபட்டுக் கட்டிலில் கிடப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆறுதலுக்குச் சொல்லும் முதல் வார்த்தை எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு.” நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் உயிர் மிஞ்சியதே லாபம் என்று ஆகிவிட்ட பிறகு, போன தலைப்பாகையைப் பற்றிப் பேசுவது பேராசை மாதிரித் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. முறிந்த தொடை எலும்பு, உள்ளே வைத்த பிளேட், ஆறு மாதமாகப் போகாத வேலை, அடகுக்குப் போன வளையல் எல்லாம் “போகட்டும், ஆண்டவன் காப்பாத்தினான்” என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தத் தலைப்பாகையின் விலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். குறிப்பாக, வண்டியை ஓட்டாமல் அதில் உட்கார்ந்து மட்டும் வந்தவர்களைப் பற்றி. பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தவர், ஷேர் ஆட்டோவில் நான்காவது ஆளாக ஏறியவர், மச்சான் ஓட்டிய காரில் பின் சீட்டில் இருந்தவர், கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள்; 4,43,366 பேர் காயமடைந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. இறப்பு நேர்ந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் யாராவது ஒரு பெரியவர் இழப்பீட்டு வழக்கை நினைவூட்டுவார். காயம்பட்டவர் வீட்டில் அப்படி நினைவூட்ட ஆள் இருப்பதில்லை, அவரே நடமாடிக்கொண்டிருக்கிறாரே! என் வாதம் எளிமையானது. விபத்து நடந்த அந்த நொடியிலேயே அதற்கு ஒரு செலவு உண்டாகிவிடுகிறது. அதை யாராவது ஒருவர் சுமந்தே ஆக வேண்டும். நீங்கள் கேட்காமல் விட்டால் அது கரைந்து போய்விடாது. கூட இருந்து கவனித்ததால் வேலையை விட்ட மனைவி மேல், கல்லூரியில் சேராமல் நின்ற மகள் மேல், வட்டிக்கு வாங்கிக் கொடுத்த அண்ணன் மேல் இறங்கும். தவறே செய்யாத ஒருவரும் அவர் குடும்பமும் அதைச் சுமக்கக் கூடாது என்பதற்காகத்தான் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது பேராசை ஆகாது.

தவறே செய்யாத ஒருவர் என்று சொன்னேன். பயணியின் நிலையில் முக்கியமான விஷயமே அதுதான். இரண்டு வாகனங்கள் மோதினால் ஓட்டியவர்களில் யார் மேல் எவ்வளவு தவறு என்று பங்கு பிரிக்க வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்கைத் தொடாத பயணிக்கு அந்தப் பங்குப் பிரிவினையில் இடமே இல்லை. ஓட்டியவரே தன் காயத்துக்கு இழப்பீடு கேட்டு வந்தால், அவருடைய கவனக்குறைவுக்கு ஏற்றபடி தொகையைக் குறைப்பார்கள். பயணி கேட்டு வந்தால் அவரைப் பொறுத்தவரை இரண்டு ஓட்டுநர்களும் சேர்ந்து செய்த தவறு அது. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2008-ல் டி.ஓ. ஆண்டனி வழக்கில் விளக்கியது. 2015-ல் கென்யெய் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு வாகனங்களின் தவறால் அடிபட்டவர் முழுத் தொகையையும் இரண்டில் எந்த ஒரு தரப்பிடமும் வசூலிக்கலாம், அவர்கள் தங்களுக்குள் பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. எனவே “லாரிக்காரன் மேல் தப்பா, நம்ம டிரைவர் மேல் தப்பா என்றே தெரியவில்லை, எப்படிக் கேஸ் போடுவது?” என்று தயங்க வேண்டியதில்லை. இரண்டு வாகனங்களின் உரிமையாளர்களையும் இன்சூரன்ஸ் நிறுவனங்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிட்டால், அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வேலை. அங்கே கேட்கப்படும் நிரூபணமும் கொலை வழக்கில் கேட்கப்படும் அளவுக்குக் கடுமையானது இல்லை. இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று 2009-ல் பிமலா தேவி வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது.

வழக்குக்குப் போகவிடாமல் தடுக்கும் காரணங்களில் மிகவும் மனிதத்தன்மை உள்ளது, “ஓட்டினது நம்ம பையன்தானே, அவன் மேலேயே கேஸ் போடுறதா?” என்பது. இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இது யார் பணம் கொடுக்கப் போகிறார்கள் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வருவது. மனுவில் வண்டி உரிமையாளரின் பெயர் எதிர்மனுதாரராக இருக்கும். செல்லுபடியாகும் காப்பீடு இருந்து, அது உங்களையும் உள்ளடக்கியதாக இருந்தால் பணம் கட்டப்போவது நிறுவனம். ஒவ்வொரு வருடமும் அந்தப் பையன் பிரீமியம் கட்டுவது இந்த ஒரு நாளுக்காகத்தான். தான் ஓட்டும்போது கூட வருகிறவருக்கு ஏதாவது ஆனால் அதைச் சரிக்கட்ட முன்கூட்டியே பணம் கட்டி வைத்திருக்கிறான். நீங்கள் கேட்காமல் இருந்தால் அவனைக் காப்பாற்றியதாக ஆகாது. அவன் கட்டிய பணத்துக்குப் பலன் இல்லாமல் செய்ததாகத்தான் ஆகும். ஓட்டியவரிடம் சரியான லைசென்ஸ் இல்லை என்று நிறுவனம் சொன்னாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அடிபட்ட மூன்றாம் தரப்பினருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நிறுவனத்துக்கு உத்தரவிடும் வழியை 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கு திறந்து வைத்தது. அப்போது பாரம் கடைசியில் உரிமையாளர் மேல் வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இங்கே சட்டம் எங்கே கைவிடும் என்பதையும் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. பஸ், ஆட்டோ, டாக்சி போன்ற வாடகை வாகனத்தில் காசு கொடுத்துப் போகும் பயணிக்கான காப்பீடு கட்டாயம். சொந்தக் காரிலும் பைக்கிலும் அப்படி இல்லை. எந்த பாலிசி என்பதைப் பொறுத்தது. ‘பேக்கேஜ்’ அல்லது ‘காம்ப்ரிஹென்சிவ்’ என்று சொல்லப்படும் முழுக் காப்பீடு இருந்தால், காரில் வந்தவரும் பைக்கில் பின்னால் உட்கார்ந்தவரும் அதற்குள் அடங்குவார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கையே அனுப்பி இதைத் தெளிவுபடுத்தியது. 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துக்காட்டியது. வெறும் தர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்து, தவறும் நீங்கள் உட்கார்ந்து வந்த பைக்கின் மேல்தான் என்றால், 2006-ன் திலக் சிங் தீர்ப்பைக் காட்டி நிறுவனம் மறுக்கும். எதிரே வந்த வண்டி மேல் தவறு இருந்தால் அதன் நிறுவனத்துக்கு நீங்கள் மூன்றாம் தரப்பு, அங்கே தடையில்லை. மிக மோசமான நிலை, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் குட்டி யானையில் ஏறிப் போகிறவர்களுடையது. சரக்கு வாகனத்தில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ போனால் காப்பீடு உண்டு. சும்மா ஏறிக்கொண்டவருக்குக் கிடையாது என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பானது; மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தமும் அதையே சட்டமாக எழுதிவிட்டது. உரிமையாளரிடம் கேட்கலாம், அவரிடம் கொடுக்க என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி. இருபது பேர் நின்றுகொண்டு போகும் ஒரு வண்டி கவிழ்ந்தால், காயத்தோடு சேர்த்துக் காப்பீடில்லாத நிலையும் அவர்கள் தலையில் விழுகிறது. வண்டி ஏறும் முன்பே ஊர்ப் பெரியவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

நம்ம பையனைக் காப்பாற்றுகிறோம் என்ற எண்ணம் பெரிய சேதத்தைச் செய்யும் இடம் ஆஸ்பத்திரி வாசல். அடிபட்டவரை இறக்கியதும், எப்படி அடிபட்டது என்று கேட்டு, சொல்வதை விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். ‘ஏ.ஆர். காப்பி’ என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். போலீஸ், கேஸ் என்று எதற்கு வம்பு என்று பயந்து கூட வந்தவர் “வண்டியிலேர்ந்து தானா விழுந்துட்டாங்க” என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வரி காலத்துக்கும் கூடவே வரும். பிறகு மனம் மாறி மனுப் போட்டால், முதல் குறுக்கு விசாரணையிலேயே நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்தப் பதிவேட்டைத்தான் எடுத்து நீட்டுவார். எந்த வண்டி, என்ன எண், எங்கே, எத்தனை மணிக்கு என்பது பதிவேட்டிலும் எஃப்.ஐ.ஆரிலும் ஒன்றுபோல் இருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. எஃப்.ஐ.ஆர். போடத் தாமதமானது என்பதற்காக மட்டும் வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது, சிகிச்சையைப் பார்ப்பதா ஸ்டேஷனுக்கு ஓடுவதா என்று குடும்பம் தவிக்கும் நேரம் அது என்று 2011-ல் ரவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாமதத்தை மன்னிக்க வழி இருக்கிறது. பொய்யாக எழுதப்பட்ட முதல் வரியைத் திருத்துவது அதைவிடப் பல மடங்கு கடினம்.

சரி, என்ன கேட்பது? ஆஸ்பத்திரி பில்லைத்தான் இழப்பீடு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பில் அதில் ஒரு சிறு பகுதி. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் காயத்துக்கான இழப்பீட்டின் தலைப்புகளை வரிசைப்படுத்திக் கொடுத்தது. சிகிச்சை, மருந்து, போக்குவரத்து, சத்துணவு ஆகியவற்றின் செலவு. சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம். நிரந்தர ஊனத்தால் இனி இழக்கப்போகும் வருமானம். இனி வரும் மருத்துவச் செலவு. பட்ட வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. வாழ்க்கையில் இழந்த வசதிகளுக்கும் இன்பங்களுக்கும் ஒரு தொகை. ஆயுள் குறைந்திருந்தால் அதற்கும். அந்தத் தீர்ப்பில் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான பகுதி, மருத்துவர் தரும் ஊன விழுக்காடும் பிழைப்பில் ஏற்படும் இழப்பின் விழுக்காடும் வேறு வேறு என்று சொன்ன இடம். ஒருவருக்கு இடது கை போய்விட்டால் உடல் ஊனம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய பிழைப்பு ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம். ஒரே காயம், இரண்டு வாழ்க்கை, இரண்டு கணக்கு.

கணக்கைக் கையில் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும். 34 வயது கொத்தனார் ஒருவர், மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அது இறப்பு வழக்கு. காயம்பட்டவருக்கும் அது பொருந்தும் என்று 2020-ல் பப்பு தேவ் யாதவ் வழக்கு உறுதி செய்தது. ஆக மாதம் 21,000; வருடத்துக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16 என்று 2009-ன் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணை சொல்கிறது. பெருக்கினால் 40,32,000. முழங்கால் மடங்காததால் சாரம் ஏற முடியாத அவருக்குப் பிழைப்பில் 30 சதவீதம் போயிற்று என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், இந்த ஒரு தலைப்பில் மட்டும் 12,09,600 ரூபாய். அவர் என்ன வேலை செய்கிறார், அந்தக் கால் அந்த வேலைக்கு எப்படித் தேவைப்படுகிறது என்று யாரும் எடுத்துச் சொல்லாமல் 15 சதவீதம் என்று போய்விட்டால் 6,04,800. இந்த ஆறு லட்ச வித்தியாசம் மருத்துவமனையில் தீர்மானமாவதில்லை. சாட்சிக் கூண்டில் மனுதாரர் தன் ஒரு நாள் வேலையை எப்படி விவரித்தார் என்பதில்தான் தீர்மானமாகிறது.

“நான் கூலி வேலை, சம்பளச் சீட்டு எங்கே இருக்கு?” என்ற கேள்வி உடனே வரும். சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் நாடு இது என்பது நீதிமன்றங்களுக்கும் தெரியும். 2011-ல் ராமசந்திரப்பா வழக்கில், கூலித் தொழிலாளி ஒருவர் சொன்ன மாதம் 4,500 ரூபாயைத் தீர்ப்பாயம் 3,000 ஆகக் குறைத்திருந்தது. அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லாதபோது காகிதம் இல்லை என்பதற்காகக் குறைப்பது சரியில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 4,500-ஐ ஏற்றது. 2014-ல் சையத் சாதிக் வழக்கில் வலது காலை இழந்த காய்கறி வியாபாரிக்கு, ரசீது எதுவும் கேட்காமல் மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொண்டது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வருமானமே இல்லை என்ற வாதமும் இப்போது நிற்காது. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில், இந்தியப் பெண்கள் சம்பளமில்லாத வீட்டு வேலையில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்ற தேசியக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டி, அந்த உழைப்புக்குப் பண மதிப்பு போட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பெண் இனிக் குடம் தூக்க முடியாது, தரையில் உட்கார்ந்து மாவு பிசைய முடியாது என்றால், அது வருமான இழப்புதான். அவருடைய மனுவில் ‘இல்லத்தரசி, வருமானம் இல்லை’ என்று எழுதி முடித்துவிட்டால், தவறு எழுதியவருடையது.

அடுத்த மறுப்பு நடைமுறை சார்ந்தது: “கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும். இப்போதே ஏதோ கொடுக்கிறேன் என்கிறார்கள், வாங்கிக்கொண்டு விடலாம்.” இழுக்கும் என்பது உண்மை. அதனாலேயே சட்டம் சில குறுக்கு வழிகளை வைத்திருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 164-ஆம் பிரிவின்படி, யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் இறப்புக்கு 5 லட்சமும் பெறலாம். 149-ஆம் பிரிவின்படி விபத்துத் தகவல் கிடைத்ததும் நிறுவனம் ஓர் அதிகாரியை நியமித்து 30 நாளில் தன் தொகையைச் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே ஒரு கதவு மூடுகிறது, கவனியுங்கள். அந்த வழியில் 164-ஆம் பிரிவுத் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் இருக்கும் உங்கள் மனு காலாவதியாகிவிடும். கை எலும்பு முறிந்து மூன்று மாதத்தில் முழுதாகக் கூடிவிட்டவருக்கு 2.5 லட்சம் நியாயமான தொகையாக இருக்கலாம். மேலே சொன்ன கொத்தனாருக்கு அது எதிர்கால இழப்பில் கால்வாசி கூட இல்லை. எலும்பு கூடுமா, மறு அறுவை தேவைப்படுமா, எவ்வளவு ஊனம் நிலைக்கும் என்று தெரியும் முன்பே கையெழுத்துப் போடுவது, அறுவடைக்கு முன் வயலை அடிமாட்டு விலைக்கு விற்பது போன்றது. சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவக் குழுவின் ஊனச் சான்று கையில் வந்த பிறகு லோக் அதாலத்தில் உட்கார்ந்து பேசுவது பல குடும்பங்களுக்கு நல்ல முடிவு. முதல் மாதத்தில் பேசுவதற்கும் ஊனச் சான்றோடு பேசுவதற்கும்தான் வித்தியாசம்.

காத்திருக்கும் காலமும் வீண் இல்லை. 171-ஆம் பிரிவின் கீழ் மனுத்தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டி சேர்த்துக் கொடுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் கேட்டதைவிட நியாயமான தொகை அதிகம் என்று தெரிந்தால் அதிகமாகவே கொடுக்கலாம் என்று 2002-ல் நாகப்பா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. காத்திருக்கக் கூடாத விஷயம் ஒன்றே ஒன்று: மனு போடுவது. 1994 திருத்தத்தில் எடுத்துவிட்ட காலக்கெடுவை 2019 திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் சட்டம். இந்தக் கெடு செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் கேள்வியாக இருக்கிறது. காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் ஏழாவது மாதம் வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். கட்டு பிரிக்காமலேயே மனு போடலாம். ஊனச் சான்றைப் பிறகு சேர்க்கலாம். விபத்து நடந்த ஊரிலேயே போட வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். உளுந்தூர்ப்பேட்டை அருகே பஸ் கவிழ்ந்து அடிபட்ட நாகர்கோவில்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊன்றுகோலோடு அத்தனை தூரம் வர வேண்டியதில்லை.

அரசுப் பேருந்தில் அடிபட்டவர்களிடம் இன்னொரு தயக்கம் உண்டு: “அரசாங்கத்துக் காசு, நம்ம வரிப்பணம்தானே?” அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் காப்பீடு எடுப்பதிலிருந்து விலக்குப் பெற 146-ஆம் பிரிவு வழி விட்டிருக்கிறது. அதற்கு அது வைக்கும் நிபந்தனை, விபத்துப் பொறுப்பைத் தீர்க்கத் தனி நிதி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது. விலக்கு காப்பீட்டுக்குத்தான், பொறுப்புக்கு விலக்குக் கிடையாது. தீர்ப்பான தொகையைக் கட்டாததால் பஸ் நிலையத்திலேயே நீதிமன்ற ஊழியர்கள் அரசுப் பஸ்ஸை ஜப்தி செய்தார்கள் என்று மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி செய்தி பார்த்திருப்பீர்கள். பயணிகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை நீதிமன்ற வளாகத்துக்கு ஓட்டிப் போகும் அந்தக் காட்சி வருத்தமானது. அதன் பின்னால் பல வருடம் அலைந்த ஒரு குடும்பம் இருக்கிறது. வரிப்பணம் என்ற வாதத்துக்கு என் பதில் இதுதான்: விபத்தின் செலவைக் கழகம் சுமந்தால், தேய்ந்த டயரை மாற்றவும் ஓட்டுநரின் தொடர் பணி நேரத்தைக் குறைக்கவும் அதற்குக் காரணம் கிடைக்கிறது. செலவைப் பயணி சுமந்தால் யாருக்கும் எதையும் திருத்தக் காரணமே இல்லை. ஒருவர் கேட்டு வாங்கும் இழப்பீடு அடுத்து அதே பஸ்ஸில் ஏறுகிறவருக்கும் பாதுகாப்பு.

போலி வழக்குகளைக் காட்டி, இழப்பீடு கேட்பதே ஒரு தொழிலாகிவிட்டது என்று பேசுகிறவர்கள் உண்டு. போலிகள் இருப்பது உண்மை. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து மனுக்களை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. அது மெதுவாக நடந்ததை 2021-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. வேறெங்கோ விழுந்தவருக்கு ஒரு வண்டி எண்ணை ஒட்டவைப்பது திருட்டு. அந்தத் திருட்டால் முதலில் பாதிக்கப்படுவது உண்மையாக அடிபட்டவர்தான். ஒவ்வொரு போலி மனுவும் அடுத்த உண்மை மனுவின் மேல் சந்தேகத்தை ஏற்றுகிறது. உண்மையாக அடிபட்டவர்கள் வாய் மூடுவதால் இதற்கு மருந்து கிடைக்காது. அவர்கள் சரியான காகிதத்தோடு வந்தால்தான் போலி தனியாகத் தெரியும். 2019 திருத்தத்துக்குப் பின் வந்த மத்திய விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் 166-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. இந்த விதி எல்லாக் காவல் நிலையத்திலும் ஒழுங்காக நடந்தால் போலிக்கும் இடமில்லை, புரோக்கருக்கும் இடமில்லை. ஸ்டேஷனில் போய் “எங்கள் விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டதா?” என்று கேட்பது உங்கள் உரிமை.

பயணி எப்போதும் குற்றமற்றவர்தானா என்றால், இல்லை. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனவருக்கும் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தவருக்கும் தொகை குறையும், குறைவது நியாயமும்கூட. ஆனால் விதி மீறியதும் விபத்துக்குக் காரணமாக இருந்ததும் ஒன்றல்ல. பைக்கில் மூன்று பேர் போனது தவறுதான். பின்னால் வந்த கார் இடித்ததற்கு அந்த மூன்றாவது ஆள் எப்படிக் காரணம்? 2020-ல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையேதான் கேட்டது. மூன்று பேர் போனார்கள் என்பதற்காக மட்டும் இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்றது. விதிமீறலுக்கு அபராதம் கட்டலாம்; அதற்காகக் காலை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாகப் பணம் கைக்கு வரும் வழி. தீர்ப்பான தொகையில் இத்தனை பங்கு என்று ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே பேசி, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்க வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தரும் உரிமை அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். தீர்ப்புக்குப் பின் 30 நாளில் தொகையைக் கட்ட வேண்டும் என்பது 168-ஆம் பிரிவு. பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும். கணக்கு எண்ணை மனுவோடு கொடுத்துவிடுங்கள். தீர்ப்பாயங்களில் கட்டப்பட்டு, யாரும் வந்து வாங்காமல் கிடக்கும் இழப்பீட்டுத் தொகைகளைப் பார்த்து 2025-ல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து உத்தரவிட வேண்டியிருந்தது. ஜெயித்த வழக்கின் பணத்தைக்கூட வாங்காமல் விடும் அளவுக்கு நம் மக்கள் களைத்துப் போகிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது.

சட்டப் பிரிவுகள் எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. அதற்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் கூட இல்லாத ஒரு நிமிடம் வரும். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் கேட்பார்: “எப்படி அடிபட்டது?” அப்போது பக்கத்தில் நிற்பவர் நீங்களாக இருந்தால், பயப்படாமல் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த வண்டி, எந்த இடம், என்ன எண். தலைப்பாகைக்கு விலை உண்டு என்று முதலில் எழுதப்படும் இடம் அந்தப் பதிவேடுதான்.